2019 வர்ஜீனியா: வென்ற கோப்பையா, விழுந்த கோப்பையா?

மார்ச் 24, 2025, ஒரு வாசகரின் கேள்வி

வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ரயன் ஓடமைப் பயிற்சியாளராக எடுத்திருக்கிறது. 2018இல் யூஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி கிளை) என்ற சின்ன அணியை வைத்துக்கொண்டு இதே வர்ஜீனியாவை 20 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியவர் இவர்தான். அடித்தவரையே அழைத்து வந்து நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என் கட்சி இது: 2018 தோல்விதான் உண்மையான வர்ஜீனியா. 2019இல் வென்ற தேசியக் கல்லூரிக் கோப்பை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் கடைசி நொடியில் தப்பியதற்குத் திறமை என்று பெயரா?

மார்ச் 24, இரவு

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நான் ரிச்மண்டில் இருக்கிறேன். என் அணி இங்குள்ள விசியூ, அதாவது வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. போன வியாழக்கிழமை விசியூ, கல்லூரிகளின் தேசியப் போட்டியான என்சிஏஏ போட்டியின் முதல் சுற்றில் பிரிகம் யங் அணியிடம் 80-71 என்று தோற்றது. சனிக்கிழமை எங்கள் பயிற்சியாளராக இருந்த ஓடமை வர்ஜீனியாக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். நெடுஞ்சாலை 64இல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூரம், அவ்வளவுதான். ஆகவே இந்த இழையில் வர்ஜீனியாவுக்கு ஆதரவாக நான் எழுதுவதைப் பாசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓடம் விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவருடைய தந்தை டேவ் ஓடம் 1980களில் வர்ஜீனியாவின் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். சிறுவன் ரயன் அந்த அணிக்குப் பந்து எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன். எதிரியை அழைத்தார்கள் என்பதைவிட வீட்டுப் பிள்ளையை அழைத்தார்கள் என்பதே பொருத்தம்.

கோப்பைக்கு வருவோம். 2018-19 பருவத்தில் வர்ஜீனியா 35 வெற்றி, 3 தோல்வி. மூன்றில் இரண்டு டியூக்கிடம், ஒன்று ஃபுளோரிடா ஸ்டேட்டிடம். அந்த ஆண்டு டியூக்கில் ஸயன் வில்லியம்சன், ஆர்.ஜே. பாரெட், கேம் ரெடிஷ் மூவரும் இருந்தார்கள். இந்த இரண்டு அணிகளைத் தவிர வேறு யாரும் வர்ஜீனியாவைத் தொடவில்லை. தாங்கள் ஆடும் ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட்) லீகில் 16-2 என்று வட கரோலினாவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இப்படி ஆடிய ஓர் அணியின் கதையைக் கடைசி மூன்று ஆட்டங்களை மட்டும் வைத்து எழுதுவது நியாயமாகப் படவில்லை.

மார்ச் 25

"மெதுவாக ஆடி எதிரியைத் தூங்க வைக்கும் அணி" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. அமெரிக்காவின் முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் ஆடுகின்றன. வேகத்தில் அவற்றின் கடைசி வரிசையில் இருந்தது வர்ஜீனியா. 40 நிமிட ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 60 முறைதான் பந்து கைக்கு வரும். மற்ற அணிகள் 70 முறை ஆடும்.

தூங்க வைப்பது மெதுவான ஆட்டம் அல்ல, தடுப்பாட்டம். அதற்கு "பேக் லைன்" என்று பெயர். பயிற்சியாளர் டோனி பென்னட்டின் தந்தை டிக் பென்னட் வகுத்த முறை. வளையத்திலிருந்து ஏறத்தாழ 16 அடியில் ஒரு கோட்டை மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்குவான். மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு அந்தக் கோட்டுக்குள் ஒடுங்கி நிற்பார்கள். உள்ளே புக வழி இருக்காது. வெளியிலிருந்து எறியலாம், ஆனால் எறியும் நேரத்தில் ஒருவன் கையை உயர்த்திக்கொண்டு வந்துவிடுவான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 56 புள்ளி அளவில்தான் எதிரணிகளுக்குக் கிடைத்தது.

கோயம்புத்தூரில் கல்லூரி அணியில் நான் ஆடியதைவிட பெஞ்சில் உட்கார்ந்ததே அதிகம். ஆனாலும் ஒன்று தெரியும்: தன் ஆளை விட்டு உள்ளே ஒதுங்கி நிற்பதற்கு மிகுந்த நம்பிக்கை வேண்டும். நான் விட்டுவந்த ஆள் மூன்று புள்ளி போட்டால் பெஞ்சிலிருந்து வரும் திட்டு எனக்குத்தான். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அந்தத் திட்டுக்கு அஞ்சாமல் இருந்தால்தான் பேக் லைன் நடக்கும். நாங்கள் ஐவரும் ஐந்து திசைக்கு ஓடிய அணி.

இந்த மெதுவான ஆட்டம் இரு பக்கமும் வெட்டும். வாய்ப்பு குறைந்தால் திறமை வித்தியாசம் வெளியே தெரிய நேரமும் குறையும். பலமான அணி பலவீனமான அணியிடம் சிக்கிக்கொள்ள அது வழி செய்கிறது. கடைசி நொடிவரை இழுபறியாகும் ஆட்டங்களும் கூடும். "மூன்று முறை தப்பினார்கள்" என்கிறீர்கள். அவர்கள் ஆடிய முறைக்கு அப்படிப்பட்ட முடிவுகள்தான் வரும். அங்கே என்ன செய்தார்கள் என்று கேளுங்கள், பேசலாம்.

மார்ச் 26

கேள்வி கேட்ட நண்பர் மடக்கிவிட்டார்: "மெதுவாக ஆடினால் ஆட்டம் நெருக்கமாக வரும் என்கிறீர்கள். யூஎம்பிசியிடம் தோற்றது 74-54. அதில் என்ன நெருக்கம்?"

நல்ல கேள்வி. நேற்று நான் எழுதியதில் இதற்கு இடமில்லை. அதனால் அந்த ஆட்டத்தை நேற்று இரவு மறுபடி பார்த்தேன்.

2018 மார்ச் 16, சார்லட் நகரம். பாதி ஆட்டத்தில் 21-21. அதுவரை என் கணக்கு செல்லும். இரண்டாம் பாதியில் யூஎம்பிசி 53 புள்ளி எடுத்தது. வர்ஜீனியா போன்ற தடுப்பு அணிக்கு எதிராக ஒரு பாதியில் 53 என்பது நடக்கக் கூடாத காரியம். ஜைரஸ் லைல்ஸ் மட்டும் 28. மூன்று புள்ளி எறிதலில் யூஎம்பிசி 24க்கு 12, வர்ஜீனியா 22க்கு 4. என்சிஏஏ போட்டியில் அணிகளை நான்கு பிரிவாக்கி ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தர நிலை கொடுப்பார்கள். அதுவரை 135 முறை முதல் நிலை அணியும் பதினாறாம் நிலை அணியும் ஆண்கள் போட்டியில் மோதியிருந்தன. 135 முறையும் முதல் நிலை அணியே வென்றது.

எனக்குப் புரிவது: மெதுவான அணி பின்தங்கினால் அதற்கு இரண்டாவது கியர் கிடையாது. பத்துப் புள்ளி பின்தங்கியதும் அவசரமாக எறிகிறார்கள், தவறுகிறது, எதிரணி ஓடிவந்து எளிதாகப் போடுகிறது. ஆண்டு முழுவதும் அவசரப்படாமல் பழகியவர்களை அவசரப்படச் சொன்னால் கை நடுங்கத்தான் செய்யும். இன்னொன்றும் உண்டு, அதை யாரும் சொல்லவில்லை: வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹண்டர் அன்று ஆடவில்லை. மணிக்கட்டு உடைந்ததால் போட்டி தொடங்கும் வாரத்தில் வெளியே போனார். தனியாகப் பந்தை எடுத்துச் சென்று புள்ளி போடக்கூடிய உயரமான ஆள் அவர் ஒருவர்தான்.

ஆகவே 2018தான் "உண்மையான வர்ஜீனியா" என்ற வாதத்தை ஏற்க மாட்டேன். ஏசிசி லீகில் 17-1, பிறகு ஏசிசி கோப்பையும் வென்ற அணி அது. ஓர் இரவுக்காக அந்த முழுப் பருவத்தையும் குப்பையில் போட்டுவிட்டோம், நானும் சேர்ந்துதான்.

மார்ச் 26, சற்றுப் பிறகு

யூஎம்பிசி சின்ன அணி, சரி. ஆனால் சதுரங்கத்தில் அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்லூரிகளில் பெரிய பெயர் வாங்கிய ஒன்று. மெதுவாக ஆடி அவர்களை வெல்லலாம் என்று நினைத்ததே பிழையாக இருக்கலாம்.

மார்ச் 28

தோல்விக்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் சொல்லும் கதை மனம் பற்றியது. வர்ஜீனியா வீரர் கைல் கை தன் மனப்பதற்றத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். யூஎம்பிசி வீரர்கள் துள்ளிக் குதிக்க, தான் குனிந்து நிற்கும் படத்தையே சமூகவலைப் பக்கத்தில் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். பென்னட், துன்பத்தைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றால் வேறு வழியில் போக முடியாத இடத்துக்கு அது டிக்கெட் வாங்கித் தரும் என்ற பொருளில் ஒரு கதைசொல்லியின் உரையிலிருந்து எடுத்த வாசகத்தை வீரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எல்லாம் நன்று. ஆனால் இது வென்ற பிறகு சொல்லப்படும் கதை. 2019இல் பர்டியூவுக்கு எதிராகக் கடைசி நொடியில் வர்ஜீனியாவின் மமாடி டியாகிட்டே எறிந்த பந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் போயிருந்தால் இதே வாசகத்தை வைத்து ஊரே சிரித்திருக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது களத்தில் நடந்த மாற்றம். அதுவரை பென்னட்டின் தாக்குதல் முறையில் இரண்டு ஆட்கள் திரை போடுவார்கள் (தடுக்க வரும் எதிரியின் வழியை மறித்து நிற்பார்கள்), மூன்று பேர் அந்தத் திரைகளைச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பார்கள். 2018-19இல் அதோடு, பந்து வைத்திருப்பவனுக்கே தொடர்ந்து திரை போட்டுக் கொடுக்கும் முறையையும் நிறையப் பயன்படுத்தினார்கள். காரணம் எளிது. டை ஜெரோம் கையில் பந்து இருந்தால் நல்லது நடக்கும். உயரமான கார்டு (பந்தை நடத்திச் செல்பவர்), அவசரமில்லாதவர், இரண்டு பேர் சூழ்ந்தாலும் மூன்றாவது ஆளைக் கண்டுபிடிப்பார். கைல் கை ஓடிக்கொண்டே எறிவார். ஹண்டர் திரும்பிவிட்டார். கூடவே 5 அடி 9 அங்குலத்தில் கிஹெய் கிளார்க் என்ற முதலாண்டு மாணவர், எதிரணியின் கார்டுக்கு மூச்சுவிட இடம் தராமல் ஒட்டிக்கொள்பவர். அந்த ஆண்டு தாக்குதல் திறனிலும் நாட்டின் முதல் சில அணிகளில் வர்ஜீனியா இருந்தது. தடுப்பு மட்டும் வைத்திருந்தவர்கள் எறியவும் கற்றார்கள். இந்த இழையில் நான் சொல்ல வந்தது உண்மையில் இதுதான். மற்றவை வம்பு.

மார்ச் 30

இன்றோடு சரியாக ஆறு ஆண்டு. 2019 மார்ச் 30, லூயிவில், பர்டியூவுக்கு எதிராக.

இதற்கு முன், அதே போட்டியின் முதல் சுற்றில் நடந்த கார்ட்னர்-வெப் ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசாதது ஆச்சரியம். மறுபடி முதல் நிலை, மறுபடி பதினாறாம் நிலை எதிரி, முதல் பாதியில் 14 புள்ளி பின்னே. அந்த நிமிடங்களில் அந்த அரங்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஓடியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 71-56 என்று வென்றார்கள். பின்தங்கியும் பதறாமல் ஆடினார்கள். முந்தைய ஆண்டு இல்லாத இரண்டாவது கியர் அது. என்னைக் கேட்டால் அந்தப் பருவத்தின் பெரிய வெற்றி அதுதான். பின்னால் வந்தவை படம் பிடிக்க அழகானவை.

பர்டியூவின் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று 42 புள்ளி எடுத்தார், அதில் மூன்று புள்ளி எறிதல்கள் மட்டும் பத்து. முகத்துக்கு நேரே கை இருந்தபோதும் போட்டார். பேக் லைன் சரியாகத்தான் நின்றது, பந்து மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இதை நண்பரின் "அதிர்ஷ்டம்" கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

இனி அந்தக் காட்சி. 5.9 நொடி மிச்சம். வர்ஜீனியா 70-67 பின்னே. ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காத, ஒரு புள்ளி எறிதல்). முதலாவது விழுந்தது, இரண்டாவது தவறியது. டியாகிட்டே கூட்டத்துக்குள்ளிருந்து பந்தைத் தட்ட, அது நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கத்துப் பாதிக்கே உருண்டது. கிளார்க் துரத்திப் பிடித்தார். அருகில் ஜெரோம் கையை உயர்த்திப் பந்து கேட்கிறார். நான் கிளார்க்காக இருந்திருந்தால் ஜெரோமிடம் கொடுத்திருப்பேன், அல்லது பாதிக் களத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்திருப்பேன். எங்கள் கல்லூரியில் எல்லோருமே இரண்டாவதைத்தான் செய்திருப்போம். கிளார்க் தலையை நிமிர்த்தி, நீளமாக, நேராக, முன்னே நின்ற டியாகிட்டேயிடம் கொடுத்தார். டியாகிட்டே பிடித்தார், எறிந்தார், மணி அடித்தது, பந்து விழுந்தது. 70-70. கூடுதல் நேரத்தில் 80-75.

பந்து அந்த இடத்துக்கு உருண்டது அதிர்ஷ்டம். சந்தேகமே இல்லை. அந்த நொடியில் ஜெரோமைத் தாண்டிப் பார்த்தது அதிர்ஷ்டம் அல்ல. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

அன்று ஒரு நண்பர் வீட்டில் பிறந்தநாள் விருந்து. கேக் வெட்டக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அந்தக் குழந்தை எங்களுடன் சோபாவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கேக்கைக் கூடுதல் நேரம் முடிந்தபிறகுதான் வெட்டினோம்.

மார்ச் 31

கிளார்க்கைப் புகழ்ந்தால் உடனே ஒருவர் 2023ஐ நினைவூட்டுகிறார். மறக்கவில்லை. ஃபர்மன் அணிக்கு எதிராக முதல் சுற்று. வர்ஜீனியா முன்னே. தன் பாதியின் மூலையில் கிளார்க்கை இருவர் சூழ்ந்தார்கள். அதே போல நீளமாக எறிந்தார். ஃபர்மன் கையில் விழுந்தது, ஜேபி பெக்ஸ் மூன்று புள்ளி போட்டார், 68-67. டைம் அவுட் கேட்டிருக்கலாம். ஐந்தாம் ஆண்டு வீரர், எத்தனையோ ஆட்டம் ஆடியவர்.

இதை வைத்து "பார், 2019இல் எறிந்ததும் குருட்டு எறிதல்தான்" என்கிறார் அவர். 2023 ஆட்டத்தில் சூழப்பட்டு, பார்க்காமல் எறிந்தார். 2019இல் பார்த்து எறிந்தார். இரண்டு காணொளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏப்ரல் 2

ஆபர்ன் ஆட்டம். இங்கே நான் நண்பருக்கு நிறைய விட்டுக்கொடுக்கிறேன்.

அரையிறுதி, மினியாபொலிஸ். ஐந்து நிமிடம் சொச்சம் இருக்கும்போது வர்ஜீனியா 57-47 முன்னே. பிறகு ஆபர்ன் தொடர்ந்து 14 புள்ளி எடுத்தது. தன் சிறந்த வீரர்களில் ஒருவரான சூமா ஒகேகேவை வட கரோலினாவுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் காயத்துக்குப் பறிகொடுத்துவிட்டு வந்த அணி அது. 61-57. கைல் மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டார், 61-60. ஆபர்ன் ஒரு ஃப்ரீ த்ரோ எடுத்து 62-60.

அடுத்து ஜெரோம் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அது காலில் பட்டு நழுவியது, இரு கையால் பிடித்து மறுபடி தட்டினார். பிடித்த பந்தை மறுபடி தட்டுவது டபுள் டிரிபிள் என்ற விதிமீறல். தொலைக்காட்சி முன் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்தது, மூன்று நடுவர்களுக்குத் தெரியவில்லை. ஊதியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

பிறகு கைல் மூலையில் எறிந்தார், தவறியது, மணியும் அடித்தது. ஆபர்ன் வீரர்கள் கொண்டாடத் தொடங்கினார்கள். ஊதல் கேட்டது. ஆபர்னின் சமீர் டவ்ட்டி, எறிந்து தரையிறங்கும் கைலின் மீது இடுப்பால் மோதிவிட்டார். இது ஃபவுல்தானா என்று ஆறு ஆண்டாகச் சண்டை. ஃபவுல்தான். எறிபவன் தரையிறங்க இடம் விட வேண்டும் என்பது விதி. கடைசி நொடியில் ஊதக் கூடாது என்பது விதியில் இல்லை.

0.6 நொடி, இரண்டு புள்ளி பின்னே, மூன்று ஃப்ரீ த்ரோ. கைல் இரண்டைப் போட்டார். மூன்றாவதுக்கு முன் ஆபர்ன் பயிற்சியாளர் புரூஸ் பெர்ல் டைம் அவுட் எடுத்து அவரை யோசிக்க விட்டார். கைல் பனியனை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்றும் விழுந்தது. 63-62.

டபுள் டிரிபிள் பரிசு. மூன்று ஃப்ரீ த்ரோ பரிசு அல்ல. முந்தைய ஆண்டு தன் பதற்றத்தை ஊருக்குச் சொன்ன பையன் அவன். பரிசைப் பெற்றுக்கொண்டதற்கு வெட்கப்பட வேண்டும் என்று நண்பர் எதிர்பார்த்தால், கோப்பை வென்ற அணிகளின் பட்டியலை மேலிருந்து கீழ் வரை அழித்துவிட்டு வரலாம்.

ஏப்ரல் 3

அழித்துவிட்டு வரலாம் என்றது கோபத்தில். ஆனால் யோசித்தால் ஓர் அதிர்ஷ்டத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை: டியூக். அந்த ஆண்டு இரண்டு முறை வர்ஜீனியாவை வென்ற அணி, காலிறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67 என்று ஒரே புள்ளியில் வெளியேறியது. மூன்றாம் முறை சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜெரோம் காலில் பட்ட பந்தைவிட இது பெரிய பரிசு என்று இப்போது தோன்றுகிறது. நண்பர் தன் வாதத்துக்கு இதை எடுத்துக்கொள்ளலாம். இலவசம்.

ஏப்ரல் 3, மாலை

பர்டியூ ரசிகர் ஒருவர் வந்திருக்கிறார், வரவேற்கிறோம். அவர் சொல்வது உண்மை: 2023இல் முதல் நிலை பர்டியூவும் பதினாறாம் நிலை ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்றது. 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி ஒரு பக்கம், முதல் பிரிவிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி மறுபக்கம். ஆண்கள் போட்டியில் இப்படித் தோற்ற முதல் நிலை அணிகள் இரண்டே. இரண்டும் அடுத்த ஆண்டே இறுதியாட்டம் போயின. வர்ஜீனியா வென்றது, பர்டியூ கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றது.

அவமானம் உரம் என்று இதை வைத்து யாரும் தத்துவம் எழுதிவிடாதீர்கள். இரண்டு அணிகளிலும் முக்கியமான வீரர்கள் படிப்பைத் தொடர்ந்து அடுத்த ஆண்டும் திரும்பி வந்தார்கள். காரணம் அவ்வளவு சாதாரணம்.

ஏப்ரல் 6

நேற்று ஹூஸ்டன்-டியூக் அரையிறுதி பார்த்தீர்களா? 14 புள்ளி பின்னே இருந்து, கடைசி 35 நொடியில் ஆறு புள்ளி பின்னே இருந்து, ஹூஸ்டன் 70-67 என்று வென்றது. ஹூஸ்டனும் மெதுவாக ஆடித் தடுப்பில் வாழும் அணி. மெதுவான அணிக்கு இரண்டாவது கியர் கிடையாது என்று நான் எழுதியதை இரண்டு பேர் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பழகினால் உண்டு என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கார்ட்னர்-வெப் பத்தியிலேயே அதைச் சொல்லிவிட்டேன், யாரும் அதுவரை வாசிப்பதில்லை.

ஏப்ரல் 8

இறுதியாட்டம்: ஃபுளோரிடா 65, ஹூஸ்டன் 63. இரண்டாம் பாதியில் 12 புள்ளி முன்னே இருந்த ஹூஸ்டனுக்குக் கடைசியில் ஓர் எறிதல்கூடக் கிடைக்கவில்லை. இமானுவேல் ஷார்ப் எறிய எழும்பினார், வால்டர் கிளேட்டன் பாய்ந்து வந்தார், தடுக்கப்படாமல் இருக்கப் பந்தைக் கீழே விட்டார், விட்ட பந்தைத் தானே தொட முடியாது. நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தது. கெல்வின் சாம்ப்சன் தன் முதல் கோப்பைக்கு அவ்வளவு அருகில் வந்து போனார்.

நண்பர் உடனே எழுதுகிறார்: "பார்த்தீர்களா, இது வர்ஜீனியாவுக்கும் நடந்திருக்கலாம்."

நடந்திருக்கலாம். ஆறு ஆண்டு முன் இதே ஏப்ரல் 8, வர்ஜீனியாவின் இறுதியாட்டம். டெக்சஸ் டெக் 68-65 முன்னே, பதின்மூன்று நொடி போல மிச்சம். ஜெரோம் உள்ளே புகுந்தார், இரண்டு பேர் அவரிடம் வந்தார்கள், மூலையில் ஹண்டர் தனியாக. பந்து போனது, விழுந்தது, 68-68. ஹண்டரின் 27 புள்ளி அவர் கல்லூரி ஆட்டங்களிலேயே அதிகம். முந்தைய ஆண்டு கட்டுப் போட்ட கையோடு வெளியே உட்கார்ந்தவர். கைல் 24 எடுத்து, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் ஆனார். கூடுதல் நேரத்தில் வர்ஜீனியாவுக்கு 12 ஃப்ரீ த்ரோ கிடைத்தது, 12ஐயும் போட்டார்கள். 85-77.

அந்தக் கூடுதல் நேரத்திலும் ஒரு பரிசு உண்டு. வெளியே போன பந்து டெக்சஸ் டெக்குக்கு என்று நடுவர் சொன்னார். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது டெக்சஸ் டெக்கின் டாவிடே மொரெட்டியின் சுண்டுவிரல் கடைசியாகப் பட்டது தெரிந்தது. பந்து வர்ஜீனியாவுக்குத் திரும்பியது. விதிப்படி சரி. ஒரு சுண்டுவிரல் தோலுக்காகக் கூடைப்பந்து ஆட்டத்தை அத்தனை நேரம் நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. அதே நடுவர்கள் இரண்டு நாள் முன்னால் டபுள் டிரிபிளைக் காணொளியில் பார்க்க விதி இல்லை என்பதும் பிடிக்கவில்லை. நடுவர் குழு வேறு என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும், விதிப்புத்தகம் ஒன்றுதானே.

ஏப்ரல் 10

பேச்சு பணத்துக்குத் திரும்பிவிட்டது. எதிர்பார்த்ததுதான்.

2019 மார்ச்சில், கைலின் திருமணப் பரிசுப் பட்டியலைப் பொதுவில் வைக்கலாமா என்றுகூட ஒரு சர்ச்சை எழுந்தது. பட்டியலை எடுக்க வேண்டியதாயிற்று என்று செய்தி வந்தது, அப்படி ஒரு விதிமீறல் இல்லை என்று என்சிஏஏ பிறகு சொன்னது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஒரு குக்கருக்கு நடந்த சண்டையை இன்றைய மாணவரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

பென்னட் அந்தப் புதிய உலகத்தில் தங்கவில்லை. கோப்பைக்குப் பிறகு சம்பள உயர்வை வேண்டாம் என்று சொல்லி, அதை உதவியாளர்களுக்கும் அணிக்கும் கொடுக்கச் சொன்னவர். 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது விலகினார். இன்றைய சூழலுக்குத் தான் பொருத்தமானவன் அல்ல என்றார். விலகிய நேரம் வீரர்களுக்குச் சிரமமானது என்று நினைக்கிறேன். மார்ச்சிலேயே போயிருக்கலாம். ஆனால் வீரர்களைப் பேரம் பேசும் வேலை பிடிக்காதவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து என்ன பயன்?

நண்பருக்கு இன்னொரு ஆயுதம்: 2019க்குப் பிறகு, பென்னட் இருந்தவரை என்சிஏஏ போட்டியில் வர்ஜீனியா ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 2020இல் போட்டியே நடக்கவில்லை. 2021 ஒஹையோ, 2023 ஃபர்மன், 2024இல் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42. நாற்பது நிமிடத்தில் 42 புள்ளி. அந்த ஆட்டத்தை நான் முழுதாகப் பார்க்கவில்லை, பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஆனால் இது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. தடுப்பு முறை அப்படியே இருந்தது. எறிபவர்கள் போய்விட்டார்கள். கோப்பை வென்ற கோடையிலேயே ஹண்டர், ஜெரோம், கை மூவரும் என்பிஏ தேர்வுக்குப் போனார்கள். ஹண்டர் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டார்.

ஏப்ரல் 11

கேள்வி கேட்ட நண்பர்: "சரி, அதிர்ஷ்டம் பாதி, திறமை பாதி என்று முடித்துக்கொள்வோமா?"

வேண்டாம். எனக்கு அந்தப் பஞ்சாயத்துத் தீர்ப்பு வேண்டாம். 38 ஆட்டத்தில் 35 வென்ற அணிக்குப் பாதி என்பது குறைவு.

ஏப்ரல் 23

இழை மேலே வந்துவிட்டதால் ஒரு செய்தி. என்பிஏயின் சிறந்த மாற்று வீரர் விருது பாஸ்டனின் பேட்டன் பிரிட்சர்டுக்கு. இறுதிப் பட்டியலில் இருந்த மூவரில் ஒருவர் கிளீவ்லேண்டின் டை ஜெரோம். பிரிட்சர்ட் 2019இல் ஓரிகன் வீரர், வர்ஜீனியாவிடம் 53-49 என்று தோற்ற அணியில் இருந்தவர். பிப்ரவரியில் ஹண்டரும் கிளீவ்லேண்டுக்கு வந்து சேர்ந்தார். ஜெரோம் புகுந்து ஹண்டருக்குக் கொடுக்கும் அதே பாஸை 2025இல் கிளீவ்லேண்டின் ஒயின்-தங்க நிறச் சட்டையில் பார்க்க முடிந்தது.

விசியூ பற்றிக் கேட்டவர்களுக்கு: ஓடமுக்குப் பதிலாக ஃபில் மார்டெல்லி ஜூனியர் வந்திருக்கிறார். பிரையன்ட் அணியை வேகமாக ஆட வைத்தவர். அதற்குத் தனி இழை திறவுங்கள். இங்கே வர்ஜீனியாக்காரர்கள் இருக்கிறார்கள், எங்கள் பருவச் சீட்டு விலை ஏறியதைப் பற்றி அவர்கள் முன்னால் பேச எனக்கு விருப்பமில்லை.